டீச்சர் பதில்கள்: விடைத்தாளைக் கேட்டு வாங்குங்கள்

அரையாண்டு விடைத்தாள்கள் பிள்ளைகள் கைக்கு வந்திருக்கும் நேரம் இது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மதிப்பெண் பற்றியவை. நான் 33 வருடம் அரசுப் பள்ளிகளில் கணக்குப் பாடம் எடுத்தவள். அதில் 20 வருடத்துக்கு மேல் பத்தாம் வகுப்பு. அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

என் மகன் பத்தாம் வகுப்பு. அரையாண்டில் தமிழ் 71, ஆங்கிலம் 54, அறிவியல் 58, சமூக அறிவியல் 66. கணக்கில் மட்டும் 22. மாதம் 800 ரூபாய் கொடுத்து டியூஷனுக்கு அனுப்புகிறோம். ராத்திரி பத்து மணி வரை நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டேதான் இருக்கிறான். கேட்டால் ‘படிச்சிட்டேம்மா’ என்கிறான். இவனுடைய அக்கா இதே பள்ளியில் 463 எடுத்தவள். நான் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறேன். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. நான் அவனுக்கு என்ன செய்ய முடியும்?
ஒரு தாய், கோவில்பட்டி

நிறைய செய்ய முடியும் அம்மா. கணக்கு தெரியாமலே செய்யலாம். அந்த 22-ஐக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, விடைத்தாளை அவனிடம் கேட்டு வாங்குங்கள். திட்டுவதற்காகக் கேட்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கேள்விகளை மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள். எழுதாமலே விட்டவை எத்தனை, தொடங்கிப் பாதியில் நின்றவை எத்தனை, முழுதாக எழுதியும் தப்பானவை எத்தனை. ஒரு தாளில் மூன்று எண்கள். இதைப் பார்த்தாலே சொல்லிவிடலாம், கணக்கு தெரிய வேண்டியதில்லை.

விட்டவை எல்லாம் தாளின் கடைசியில் இருந்தால் அவனுக்கு நேரம் போதவில்லை. நடு நடுவே விட்டிருந்தால் சில பாடங்கள் ஏறவே இல்லை. முழுதாக எழுதித் தப்பானவை பெரும்பாலும் பெருக்கல், வகுத்தலில் நடக்கும் சறுக்கல்தான், சீக்கிரம் சரியாகிவிடும். நான் ரொம்ப நேரம் பார்ப்பது பாதியில் நின்ற கணக்குகளை. பிள்ளை எந்த வரியில் நிற்கிறானோ, அங்கேதான் சிக்கல் இருக்கிறது.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். காலாண்டில் 19. மெல்லக் கற்போர் பட்டியலில் முதல் பெயர் அவனுடையது. அவனுடைய மூன்று தேர்வுத் தாள்களை ஒன்றாக வைத்துப் பார்த்தேன். நடுவில் கூட்டல் குறி இருக்கும் இருபடிக் கோவையை அழகாகக் காரணிப்படுத்துகிறான். அதே எண்கள், நடுவில் கழித்தல் குறி என்றால் பேனா நின்றுவிடுகிறது. ஆயத்தொலை வடிவியலில் (3, 4) என்ற புள்ளிக்குக் கணக்கு ஓடுகிறது, (-3, 4) என்றால் நிற்கிறது. ஏழு வெவ்வேறு கணக்குகளில் அவன் நின்ற இடமெல்லாம் கழித்தல் குறிதான்.

விசாரித்தேன். ஏழாம் வகுப்பில் முழுக்கள் பாடம் நடந்த சமயத்தில் அம்மை போட்டு மூன்று வாரம் வீட்டில் படுத்திருந்திருக்கிறான். கழித்தல் எண்ணைக் கழித்தல் எண்ணால் பெருக்கினால் ஏன் கூட்டல் வருகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவே இல்லை. அந்த ஓட்டையோடு மூன்று வகுப்பு ஏறி வந்திருக்கிறான். மதிய இடைவேளையில் தினம் 15 நிமிஷம், ஏழாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்தோம். ‘தினமும் உனக்கு 3 ரூபாய் செலவாகுது. இன்னிக்குக் கையில ஒண்ணும் இல்ல. ரெண்டு நாளைக்கு முன்னால எவ்வளவு இருந்திருக்கும்?’ என்று கேட்டேன். ‘ஆறு ரூபா டீச்சர்’ என்றான். செலவு -3, பின்னோக்கிய நாள் -2, பெருக்கினால் +6. அவன் முகம் மாறியது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. பொதுத்தேர்வில் 61 வாங்கினான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்களில் நானும் மதிப்பெண் வரிசைப்படி பெயர் வாசித்துத்தான் தாள் கொடுத்தேன். கடைசியில் பெயர் வரும் பிள்ளைகள் தாளை வாங்கியதும் நான்காக மடித்துப் பைக்குள் போட்டுவிடுவார்கள். பிறகு அதைப் பிரிப்பதே இல்லை. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய தவறெல்லாம் அதற்குள்தான் இருந்தது. அதற்கு நான்தான் காரணம் என்று புரிந்தபோது அந்த வழக்கத்தை விட்டேன். அக்காவின் 463-ஐ வீட்டில் பேசும்போதும் இதுதான் நடக்கும். உங்கள் மகனும் தாளை மடித்துவிடுவான். தேர்வு முடியும்வரை அந்த எண் உங்கள் வீட்டில் வேண்டாம்.

அடுத்தது, ‘எழுதிக்கொண்டே இருக்கிறான்’ என்கிறீர்களே. டியூஷன் நோட்டைத் திறந்து வைத்துப் பார்த்துத்தான் எழுதுகிறானோ என்று எனக்குச் சந்தேகம். கண்டுபிடிப்பது எளிது. நேற்று எழுதிய கணக்குகளில் நீங்களே ஒன்றைத் தொட்டுக் காட்டி, நோட்டை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் போடச் சொல்லுங்கள். நோட்டில் உள்ளதோடு வரிக்கு வரி ஒத்துப் பார்க்க உங்களுக்கே முடியும். நின்றுவிட்டால் கோபப்பட வேண்டாம், அந்த வரிக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். மறுநாள் டியூஷனில் அந்தக் கோட்டைக் காட்டி ‘இதுக்கு மேல வரல’ என்று கேட்கட்டும். 800 ரூபாய்க்கு அப்போதுதான் பலன்.

2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியை மறுபடி மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். பிள்ளை ‘படிச்சிட்டேன்’ என்று சொல்வது பொய் இல்லை. படித்த அந்த நிமிஷத்தில் அவனுக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

பொதுத்தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. கணக்கு வினாத்தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. இரண்டு மதிப்பெண்ணில் 14-க்குப் 10, ஐந்து மதிப்பெண்ணில் 14-க்குப் 10, கடைசியில் வடிவியலும் வரைபடமும் தலா 8. ஒரு மதிப்பெண்ணையும் கடைசி இரண்டு கேள்விகளையும் சேர்த்தால் 30. வரைபடத்தில் கழித்தல் எண்கள் வரும் என்றாலும், வரைவதைப் பழக்கத்தால் பிடித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு வடிவியல், ஒரு வரைபடம் என்று வரைய வையுங்கள். வரைந்து முடித்ததும் மூன்றை மட்டும் பாருங்கள்: உதவிப்படம் (முதலில் கையால் போடும் ரஃப் படம்) இருக்கிறதா, வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதியிருக்கிறானா, அச்சுகளுக்குப் பெயர் போட்டிருக்கிறானா. படம் சரியாக வரைந்தும் இவற்றை விட்டு மதிப்பெண் இழந்த தாள்களை நான் கட்டுக்கட்டாகத் திருத்தியிருக்கிறேன். தேர்ச்சிக்கு மட்டும் போதும் என்று பள்ளியில் சுருக்கிக் கொடுக்கும் மினிமம் மெட்டீரியலை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் 35 தாண்டலாம். ஆனால் மற்ற பாடங்களில் 60, 70 எடுக்கும் பையனுக்கு அது போதாது. பாதியில் நின்ற கணக்குகளையும் கூடவே பாருங்கள்.

நான் பத்தாவது வரை கிராமத்தில் தமிழ் வழியில் படித்து 431 எடுத்தேன். இப்போது டவுனில் பிளஸ் ஒன், சயின்ஸ் குரூப், ஆங்கில வழி. வகுப்பில் எல்லாரும் தலையாட்டுகிறார்கள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. சந்தேகம் கேட்டால் சிரிப்பார்களோ என்று கேட்பதில்லை. அரையாண்டில் இயற்பியலில் 70-க்கு 17. எனக்கு மூளை இல்லையோ என்று தோன்றுகிறது. காமர்ஸுக்கு மாறிவிடலாமா?
ஒரு மாணவி, திருவண்ணாமலை மாவட்டம்

மகளே, 431 எடுத்த அதே மூளைதான். மொழி மாறியிருக்கிறது, கூடவே பாடமும் கனமாகியிருக்கிறது. இரண்டும் ஒரே மாதத்தில் வந்து விழுந்ததால் எது எதென்று உனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

உன் இயற்பியல் தாளை எடுத்து, தப்பான ஐந்து கேள்விகளை மட்டும் தேர்ந்தெடு. தமிழ் வழி இயற்பியல் புத்தகத்தில் அதே பாடத்தைத் திற. பாடநூல் கழகப் புத்தகங்களில் இரண்டு வழிக்கும் ஒரே பாடம், ஒரே வரிசை. இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது, இல்லையென்றால் உன் பழைய பள்ளித் தோழியிடம் கேள். தமிழில் வாசித்தபின் அந்தக் கேள்விக்கு விடை தெரிகிறதா என்று பார். தெரிந்தால் உன் பிரச்சினை சொற்கள். தெரியாவிட்டால் அந்த இடம் பாடத்திலேயே கடினம், தலையாட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கும் அது தெரிந்திருக்காது.

சொற்களுக்கு ஒரு வழி சொல்கிறேன், என் மாணவிகள் பலருக்குப் பலன் கொடுத்தது. ஒரு நோட்டில் நடுவில் கோடு போடு. இடது பக்கம் உனக்குத் தெரிந்த சொல், வலது பக்கம் புதிய சொல். திசைவேகம் என்று படித்ததுதான் வெலாசிட்டி. முடுக்கம் ஆக்ஸிலரேஷன். உந்தம் மொமெண்டம். உராய்வு ஃபிரிக்‌ஷன். ஆங்கிலச் சொல்லை உன் கையால் ஆங்கிலத்திலேயே எழுது. தினம் ஐந்து சொற்கள் போதும். புத்தகத்தின் பின்னால் உள்ள கலைச்சொற்கள் பட்டியலைப் பார்த்துக்கொள். மறுநாள் நடக்கப்போகும் பாடத்தை முதல் நாள் ராத்திரியே தமிழில் ஒருமுறை வாசித்துவிட்டு வகுப்புக்குப் போ. ஆசிரியர் ஆங்கிலத்தில் பேசும்போது உனக்குத் தெரிந்த விஷயத்தையே வேறு பெயரில் சொல்வதாகக் கேட்கும். பொதுத்தேர்வு வினாத்தாளில் கேள்விகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்தேதான் அச்சாகி வரும். அதனால் கேள்வி புரியாமல் போய்விடுமோ என்று பயப்படாதே.

வகுப்பில் கை தூக்கத் தயக்கமாக இருந்தால் இடைவேளையில் ஆசிரியர் அறைக்குப் போ. ‘ஒண்ணுமே புரியல’ என்று கேட்காதே, அதற்கு எந்த ஆசிரியராலும் ஐந்து நிமிஷத்தில் பதில் சொல்ல முடியாது. புத்தகத்தில் விரலை வைத்து, ‘இந்த வரி வரைக்கும் புரியுது சார், இதுக்கு அடுத்தது எப்படி வந்துச்சு?’ என்று கேள். அப்படிக் கேட்கும் பிள்ளையை விரட்டும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

காமர்ஸ் நல்ல படிப்பு. ஆனால் 17 மதிப்பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது. ஆண்டுத் தேர்வு வரை இப்படிச் செய்து பார்த்துவிட்டு எனக்கு எழுது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்கு மாற்றும் முன் யோசியுங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2010-லிருந்து இருக்கிறது. 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பள்ளிப்படிப்பிலிருந்தே முழுவதும் தமிழ் வழியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். இதை யாரும் சொல்லாததால் இரண்டு வருட ஆங்கில வழிக்காக அதை இழந்தவர்கள் பிறகு வந்து வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார்கள்.

மகள் ஒன்பதாவது. ராத்திரி 12 மணி வரை போன். பிடுங்கினால் சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறாள். காலையில் எழுப்பவே முடியவில்லை.
ஒரு தந்தை, சேலம்

பிடுங்காதீர்கள் சார். ஒன்பதரை மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போனும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜில் போகட்டும், முதலில் உங்களுடையது. வீட்டுப்பாடம் வாட்ஸப்பில் வருகிறது என்பாள், உண்மைதான். அதை எட்டு மணிக்குள் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. வளரும் பருவத்தில் தூக்கம் வரும் நேரமே உடம்பில் கொஞ்சம் தள்ளிப்போகும், அதனால் காலையில் எழ முடியாததைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் நான்கு நாள் சண்டை இருக்கும். ஐந்தாம் நாளும் உங்கள் போன் கூடத்தில்தான் இருக்கிறதா என்று அவள் பார்ப்பாள்.

எட்டாவது படிக்கும் மகனுக்குக் கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்கிறான். கடையில் மீதிச் சில்லறையை மனக்கணக்காகச் சொல்லிவிடுகிறான். எழுதச் சொன்னால் எழுத்து முன்பின் மாறுகிறது, கொம்பும் காலும் இடம் மாறுகின்றன, ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுகிறான். சத்தமாக வாசிக்கச் சொன்னால் அழுகிறான். வேண்டுமென்றே செய்கிறான் என்கிறார்கள்.
ஒரு தாய், நாகர்கோவில்

வேண்டுமென்று எந்தப் பிள்ளையும் எட்டு வருடம் இப்படிச் செய்ய மாட்டான் அம்மா. நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடு. கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்லக் கூடாது, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் சோதித்தே ஆக வேண்டிய அறிகுறிகள் இவை.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். அப்புறம் மாவட்ட அரசு மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துப் போய், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் எனச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது அவனுடைய தமிழ் நோட்டு, ஆங்கில நோட்டு, இரண்டு விடைத்தாள்கள் எடுத்துப் போங்கள். நீங்கள் வாயால் சொல்வதைவிட அவை தெளிவாகக் காட்டும். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், அவன் சொல்லச் சொல்ல எழுதும் ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் உண்டு. தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தொடங்கிய பிறகு ஓடுவதைவிட இப்போதே ஆரம்பித்தால் இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. தவறிப்போய்ப் பிப்ரவரியில் சான்றிதழோடு வந்து நின்ற ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். அவர் பிள்ளைக்கு அந்த வருடம் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதுவரை வகுப்பில் அவனைச் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் பாடத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவன் வாயால் பதில் சொல்லட்டும். காது வழியாக அவனுக்கு எல்லாம் போகிறது. அந்தக் கதவை அடைத்துவிடக் கூடாது.

என் அண்ணன் மகள் போன வருடம் பத்தாவதில் கணக்கு, ஆங்கிலம் இரண்டிலும் தவறிவிட்டாள். துணைத்தேர்வு எழுதவும் விடவில்லை. இப்போது 16 வயது. ‘படிப்பு வரல, கட்டிக் கொடுத்துடலாம்’ என்று மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அவள் என்னிடம் வந்து அழுகிறாள். நான் அண்ணனை எதிர்த்துப் பேச முடியுமா?
ஒரு அத்தை, தருமபுரி மாவட்டம்

பேசித்தான் ஆக வேண்டும் தங்கச்சி. அவளுக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை போலிருக்கிறது.

‘படிப்பு வரவில்லை’ என்கிறார்களே, மீதி மூன்று பாடங்களில் அவள் தேர்ச்சி பெற்றிருக்கிறாள். அந்தப் பாடங்களை இனி எழுதவே வேண்டாம். தனித்தேர்வராக இரண்டு தாள் எழுதினால் போதும். விண்ணப்பிக்கும் தேதியை அவள் படித்த பள்ளியிலோ மாவட்டத்திலுள்ள அரசுத் தேர்வுகள் சேவை மையத்திலோ கேளுங்கள். சந்தேகம் இருந்தால் கல்வி உதவி எண் 14417. பத்தாவது தேறிவிட்டால் பிளஸ் ஒன் மட்டும்தான் வழி என்றில்லை, ஐ.டி.ஐ. இருக்கிறது, மூன்று வருடப் பாலிடெக்னிக் டிப்ளமோ இருக்கிறது. ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்து முடித்த பெண்கள் மேற்படிப்புக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர்கள் வங்கிக் கணக்கிலேயே வருகிறது. அண்ணனிடம் பேசும்போது இதையும் சொல்லுங்கள், செலவை நினைத்துத்தான் பல வீடுகளில் இந்த முடிவு வருகிறது.

18 வயதுக்கு முன் திருமணம் செய்வது 2006-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். பேச்சுக்கு அவர்கள் மசியவில்லை, தேதி குறிக்கிறார்கள் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை. அண்ணனுக்கு எதிராகச் செய்வதாக உங்களுக்குத் தோன்றும். அந்தப் பெண் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய பழைய கணக்கு, ஆங்கிலத் தாள்கள் வீட்டில் எங்காவது கிடந்தால், பள்ளித் தேர்வுகளில் எழுதியவையாக இருந்தாலும் சரி, நகல் எடுத்து இதழ் முகவரிக்கு எனக்கு அனுப்புங்கள். எங்கே நிற்கிறாள் என்று பார்த்து, எந்த வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று எழுதி அனுப்புகிறேன்.